சொல்லும் பொருளும்: நரம்பு

‘நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும்’ என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. வைத்தியர் காதில் இது விழுந்தால் நகைப்பார். நாக்கு அசைவதற்கும் சுவையறிவதற்கும் தனித்தனி நரம்புகள் உண்டென்பது அவருக்குத் தெரியும். ஆனால் பழமொழி பொய்யன்று. அது கருதும் நரம்பு, இழுத்துக் கட்டும் நார்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். ‘நியூரான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும், ‘நெர்வுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் பழம்பொருள் தசையை எலும்போடு பிணைக்கும் நார், வில்லின் நாண், வாத்தியத்தின் தந்தி. ஸம்ஸ்கிருத ‘ஸ்நாயு’ இவற்றுக்கு உறவுச் சொல். ஸுச்ருதர் உடலில் 900 ஸ்நாயுக்கள் என்று எண்ணியதும் பெரும்பாலும் கட்டும் நார்களையே.

அறுத்துப் பார்த்தால் இரண்டும் வெண்மையான கயிறுகள். பெயர் ஒன்றானதில் வியப்பில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் ஹீரோபிலஸ் என்பார் பிணங்களை அறுத்துச் சோதித்து, மூளையோடு தொடர்புள்ள கயிறுகளே உணர்ச்சிக்கும் அசைவுக்கும் காரணம் என்று கண்டார். பொருள் புதிது, பெயரோ பழையதே. 1891-ல் ஜெர்மன் அறிஞர் வால்டையர் நரம்பின் உயிரணுவுக்குச் சூட்டியதும் அந்த ‘நியூரான்’ என்னும் பெயரைத்தான். தகடுபோல் பரந்த தசைநாணுக்கு இன்றும் ‘அபோநியூரோஸிஸ்’ என்று பெயர். பெயரில் நியூரான் உண்டு. ஆயினும் அது நரம்பன்று!

நம் பேச்சிலோ குழப்பம் இன்னும் தீரவில்லை. ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்கிறோம். ஊசி ஏறியது சிரை என்னும் ரத்தக் குழாயில். ‘நரம்பு வலிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், வலிப்பது சிரையா, தசைநாணா, மெய்யான நரம்பா? மூன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே, வைத்தியரிடம் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. விரலால் இடத்தைக் காட்டி, வீங்கியிருக்கிறதா, அசைத்தால் வலிக்கிறதா, மரத்துப் போகிறதா என்பதையும் சொல்ல வேண்டும்.

சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல இயலாது என்பாருக்கு ஒரு வார்த்தை. மேலோர் கடன் வாங்கியதும் வில்லாளியிடமும் வாத்தியக்காரரிடமுமே. அவர்கள் ஒரே சொல்லில் அடக்கியதை நம் கலைச்சொல் இரண்டாகப் பிரித்திருக்கிறது. எலும்பை இழுப்பதற்கு வில்லின் பெயர்: தசைநாண். உணர்ச்சியைக் கொண்டுசெல்வதற்கு யாழின் பெயர்: நரம்பு. சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பிழையின்றி வழங்குவதே நம் கடமை.