பத்து யூரோவும் பாதாளக் கல்லறையும்

ஐரோப்பாவில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ரோம் நகரம் ஒரு சனி, ஞாயிறு சமாச்சாரம். மலிவு விமான டிக்கெட், எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறை, முதுகில் ஒரு பை. இரண்டு நாளில் கொலோசியம், வாடிகன், காசு போடுகிற ட்ரெவி நீரூற்று எல்லாம் முடிந்துவிடும். பட்ஜெட் இடிக்கும்போது பட்டியலில் முதல் வெட்டு விழுவது பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான். பழைய மதில் சுவருக்கு வெளியே, ஆப்பியன் சாலைப் பக்கம் இருக்கிற கேட்டகோம், அதாவது சுரங்கக் கல்லறைகள்.

வெட்டுவதற்குச் சொல்லும் காரணங்கள் மனப்பாடம். சுமார் பத்து யூரோ டிக்கெட். முக்கால் மணி நேரம்தான். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், "அங்க எலும்புக்கூடே இல்லையாம்ப்பா!"

கையில் காசு இல்லாதவன் கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை. கணக்கைத் தப்பாகப் போடுவதுதான் தப்பு.

முதலில் இந்த எலும்பு விவகாரம். 1578ல் ரோமில் ஒரு பழைய சுரங்கக் கல்லறை தற்செயலாகத் திறந்துகொண்டது. அதன் பிறகு நெடுங்காலம் அங்கிருந்து எலும்புகள் அள்ளப்பட்டன. யார் எவர் என்று தெரியாத எலும்புகளுக்கெல்லாம் புனிதர் என்று பெயர் சூட்டி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து தேவாலயங்களுக்கு அனுப்பினார்கள். பட்டும் நகையும் போட்டு அலங்கரித்து வைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணி நடக்கும் பாதையில் மாடங்கள் காலியாக இருப்பது இடத்தின் குறை இல்லை. அங்கே நடந்ததற்கு அதுவே சாட்சி. மண்டை ஓடுதான் வேண்டும் என்கிறவருக்கு பாரிஸ் இருக்கிறது, ரோமிலேயே கப்புச்சின் துறவிகளின் எலும்பு மண்டபம் இருக்கிறது. ஆனால் பாரிஸில் எலும்புகளைக் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்தது 1786ல். கப்புச்சின் மண்டபம் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டுமே பழங்காலக் கல்லறை இல்லை. இதையும் அதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "திகில் டூர்" என்று பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

அடுத்த பொய் இன்னும் பழையது. கிறிஸ்தவர்கள் ரோமானியப் படைக்குப் பயந்து சுரங்கத்துக்குள் ஒளிந்து வாழ்ந்தார்களாம். சினிமாவுக்கு நல்ல கதை. உண்மையில் இந்த இடங்கள் யாருக்கும் ரகசியம் இல்லை. ஊருக்குள் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று பன்னிரண்டு பலகைச் சட்டம் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே தடை போட்டிருந்தது. அதனால்தான் கல்லறைகள் எல்லாம் மதிலுக்கு வெளியே, பெரிய சாலைகளின் ஓரத்தில் வந்தன. கி.பி. 257ல் வலேரியன் பேரரசன் கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைகளுக்குப் போகக் கூடாது என்று ஆணையிட்டான். அடுத்த வருடம் போப் இரண்டாம் சிக்ஸ்டஸை ஒரு கல்லறையில் வைத்தே பிடித்துக் கொன்றார்கள். அரசாங்கத்துக்கு விலாசம் வரைக்கும் தெரிந்த இடத்தில் எவனாவது ஒளிவானா?

சரி, எலும்பும் இல்லை, ஒளிந்த கதையும் இல்லை. பிறகு எதற்குப் போக வேண்டும்?

சாதாரண மனிதன் செத்தால் என்ன செலவாகும் என்று பார்ப்பதற்கு.

பணம் இல்லாதவனுக்கு சாவும் ஒரு செலவுதான். ரோமுக்கு அருகே லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு சங்கத்தின் விதிமுறைகள் அதில் இருக்கின்றன. சேர 100 செஸ்டர்ஸும் ஒரு ஜாடி நல்ல ஒயினும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதம் 5 அஸ் சந்தா. உறுப்பினர் இறந்தால் ஈமச்சடங்குக்கு 300 செஸ்டர்ஸ் வரும். அடிமைகளும் சேர்ந்த சங்கம் அது. அசல் இன்ஷூரன்ஸ்!

சுரங்கக் கல்லறையும் இதே மாதிரிக் கணக்கில் பிறந்ததுதான். ரோமைச் சுற்றி நிலம் விலை அதிகம், ஆனால் அடியில் இருப்பது வெட்ட எளிதான எரிமலைப் பாறை. வெட்டிய பிறகு காற்று பட்டால் இறுகிவிடும். அதனால் பக்கவாட்டில் விரிக்காமல் கீழே கீழே போனார்கள். சான் கலிஸ்டோவில் மட்டும் நான்கு அடுக்கு, சுமார் 20 கிலோமீட்டர் பாதை. வெட்டுகிற வேலைக்காரர்களுக்கு ஃபோஸ்ஸோர் என்று பெயர். நான்காம் நூற்றாண்டில் அவர்களே குழிகளை விற்றார்கள். யாரிடம் வாங்கியது, என்ன விலை என்றுகூடச் சில கல்வெட்டுகளில் இருக்கிறது.

அந்த சான் கலிஸ்டோவுக்குப் பெயர் கொடுத்த கலிஸ்டஸ் யார்? அடிமையாக இருந்தவர். முதலாளிக்காக ஒரு வங்கி நடத்தினார், ஜனங்கள் போட்ட பணம் போய்விட்டது, ஓடினார், பிடிபட்டார், சார்டினியா சுரங்கங்களில் தண்டனை அனுபவித்தார் என்று ஹிப்போலிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். (அவர் கலிஸ்டஸின் எதிரி, உப்புப் போட்டிருக்கலாம்.) திரும்பி வந்தவரிடம் இந்தக் கல்லறையின் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு போப் ஆனார். வணிகவியல் படிக்கிறவர்கள் போகாமல் வேறு யார் போவது? :-)

"அது கிறிஸ்தவர்கள் விஷயம், நமக்கென்ன" என்பவர்களும் உண்டு. யூதர்களின் சுரங்கக் கல்லறைகளும் அதே ரோமில் இருக்கின்றன. வில்லா டொர்லோனியாவில் உள்ளதன் வயதைக் கரிமக் காலக்கணிப்பில் ஆராய்ந்து 2005ல் வெளியிட்டார்கள். கிறிஸ்தவச் சுரங்கங்களை விட அது பழையதாக இருக்கலாம் என்றது முடிவு. எனவே இதை ஒரே மதத்தின் கணக்கில் எழுத முடியாது.

கொலோசியத்துக்கு 18 யூரோ கொடுத்தவர்கள் யாரும் வீண் செலவு என்று புலம்புவதில்லை. அது பேரரசன் கட்டியது, போட்டோவில் கம்பீரமாக விழும். சுரங்கத்தில் இருப்பது அளவெடுத்து வெட்டிய சின்னச் சின்னக் குழிகள். அவற்றில் எத்தனையோ, குழந்தைகளுக்கானவை. வசதி இருந்தவர்கள் பளிங்கில் பெயரும், இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் வாழ்ந்தது என்ற கணக்கும் வெட்டி வைத்தார்கள். கல்லுக்குக் காசு இல்லாதவர்கள் குழியை ஓட்டால் மூடிப் பூசிய சுண்ணாம்பு காய்வதற்குள் ஒரு நாணயத்தையோ கிளிஞ்சலையோ அழுத்தி வைத்தார்கள். சில இடங்களில் எலும்பில் செதுக்கிய பொம்மை. வரிசையாக ஆயிரம் குழி இருக்கிற இருட்டில், விளக்கைத் தூக்கிப் பிடித்தால் தன் பிள்ளை எது என்று தெரிய வேண்டுமே!

மூச்சுத் திணறல் இருப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள் போக வேண்டாம், அது நியாயம். மற்றவர்களுக்குச் சாக்கு இல்லை. சாதாரண நகரப் பேருந்து டிக்கெட்டிலேயே அங்கே போய்விடலாம். மூடியிருக்கும் நாள் எது, மதிய இடைவேளை எப்போது என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொண்டால் போதும். வழியில் நடக்கக் கிடைக்கிற ஆப்பியன் சாலை 2024ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதில் நடக்கக் காசு கிடையாது.

பட்ஜெட்டில் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் திகில் டூரை வெட்டலாம், மூன்றாவது ஐஸ்கிரீமை வெட்டலாம். சந்தா கட்டியும் சுண்ணாம்பில் பொம்மை பதித்தும் தங்கள் செத்தவர்களைக் காப்பாற்றிய ஏழைகளை, காசில்லாத பயணியே பார்க்க வேண்டாம் என்று ஒதுக்கினால் வேறு எவன் போய்ப் பார்ப்பான்?