கண்ணாடிச் சட்டமும் தபால் அட்டையும்

எனக்குத் தபாலில் வந்து சேர்ந்திருக்கும் ஓவிய அட்டைகளைச் சென்னையில் ஒரு கூடத்தில் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். கண்ணாடிச் சட்டமிட்டு, கீழே பெயரும் ஆண்டும் எழுதி. 'நல்லவையாக ஒரு முப்பது தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்' என்பது அவர் வாக்கியம். விற்பனைக்கு இல்லையாம், யாராவது விலை கேட்டால் யோசிக்கலாம் என்று அடுத்த வரியிலேயே சொல்கிறார். தரமுடியாது என்று பதில் போட்டேன். காரணம் கேட்கிறார். அவருக்கு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயமாக இது தோன்றவில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நூற்றுச் சொச்சம் பேரில் சிலர் அந்த அட்டைகளை அனுப்பியவர்கள். பலர் அவற்றை அசட்டுத்தனம் என்று நினைப்பவர்கள்.

வருவது இதுதான். ஒருவர் அழிரப்பரைப் பிளேடால் செதுக்கி முத்திரை செய்து, இல்லாத ஒரு ஊரின் தபால் முத்திரையை அட்டை நெடுகக் குத்தி அனுப்புகிறார். ஒருவர் பஸ் டிக்கெட்டுகளைச் செதிலாக ஒட்டி மீன் செய்கிறார். இன்னொருவரின் கவர் நைலான் வலைநூலால் தைத்தது. பிரிக்கக் கத்தி வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான் பதிலுக்கு அனுப்புவது பெரும்பாலும் பனையோலை. மணப்பாட்டில் பெண்கள் பெட்டி முடையும்போது நறுக்கிப்போடும் துண்டுகள் எனக்குப் போதும். ஒருமுறை வந்த கவரில் ஸ்டாம்பையே கையால் வரைந்திருந்தார்கள், காந்தி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூனை. பெரியதாழைக்குத் தபால் கொண்டுவருகிற தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பூனை நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ரெட்டிப்புக் காசு கட்டணும்லா?" கட்டினேன். ஒரு கலைப்படைப்புக்கு நான் கொடுத்த விலை என்று நண்பர் வேண்டுமானால் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளட்டும்.

எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்லமாட்டேன். சென்னை நண்பர்களுக்கு இந்தக் கரை என்றால் முத்துதான். தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. என் பெட்டியில் மட்டும் சிப்பி திறந்தபடி இருக்கும் அட்டைகள் பதினேழு. கடலைப் பார்க்காமல் கடற்கரைக்காரனுக்கு வரையப்பட்டவை. அவற்றுக்கு நான் போட்ட பதில்கள் அத்தனை மரியாதையானவை அல்ல.

விளையாட்டு, ஆகவே கனமற்றது என்கிறவர்களிடம் வருகிறேன். 1976 ஆகஸ்டில் பிரேசிலின் ரெஸிஃபே நகரத்துத் தலைமைத் தபால் நிலையக் கூடத்தில் பவுலோ புரூஸ்கியும் டேனியல் சான்டியாகோவும் சர்வதேசத் தபால் கலைக் காட்சி ஒன்று வைத்தார்கள். திறந்த சற்று நேரத்துக்குள் போலீஸ் வந்து மூடியது; புரூஸ்கி கைதானார். மறு ஆண்டு உருகுவேயில் கிளெமென்தே பதீனும் ஹோர்ஹே கராபாஜோவும் தபாலில் அனுப்பிய கலைக்காகவே சிறைக்குப் போனார்கள். சிறைக்குப் போனதால் ஒரு அட்டை நல்ல கலையாகிவிடும் என்று வாதிடுகிற பாமரன் அல்ல நான். ஆனால் ஆசிரியரோ தணிக்கையோ காலரிக்காரரோ குறுக்கே நில்லாமல், ஒரு ஸ்டாம்பின் செலவில் கைமாறுகிற ஒன்று அந்த ராணுவ அரசாங்கங்களை உறுத்தியது. அவர்களுக்கு எட்டிய இந்தச் சின்ன விஷயம் நம் விமர்சகர்களுக்கு எட்டவில்லை. கனம் என்றால் பக்க எண்ணிக்கை என்று பழகிவிட்டவர்கள் நாம்.

அமெரிக்கச் சரக்கு என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. நியூயார்க்கின் ரே ஜான்சன் ஐம்பதுகளிலிருந்தே இதைச் செய்தார் என்பது உண்மை. அதற்கு வெகு முன்பே சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் தபால் அட்டைகளில் ஆட்டையும் மரத்தையும் வயல்காரனையும் நாலு கோட்டில் வரைந்து மாணவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. உடனே நாமே முந்தி என்று மார்தட்டக் கிளம்பவேண்டாம். நந்தலாலின் அட்டை பெறுபவனிடம் வந்து முடிந்துவிடுகிறது. அது பிரியம். நம் ராஜவல்லிபுரம் வல்லிக்கண்ணன் எழுத வந்த பையன்களுக்கெல்லாம் ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதினாரே, அந்த ஜாதிப் பிரியம். ஜான்சனின் தாளில் ஒரு உத்தரவும் இருந்தது: இதில் ஏதாவது சேர், திருப்பி அனுப்பு, அல்லது இன்னாருக்கு அனுப்பு. பெறுகிறவனை ரசிகனாக உட்காரவிடாத குறும்பு அது. அவன் கையை வைத்தாகவேண்டும்.

ஜான்சனே மியூசியத்துக்குப் போனவர்தானே என்று நண்பர் பிடித்துக்கொள்வார். போனார். 1970இல் விட்னி மியூசியத்தில். அங்கே அவர் வைத்தது தான் வரைந்ததையல்ல, கேட்டு எழுதியதற்கு நூற்றாறு பேர் அனுப்பியதை. வந்ததில் 'நல்ல முப்பது' பொறுக்கவில்லை. தபால் கலைக்காரர்களிடம் பின்னால் வழக்கமாகிவிட்ட நியதியும் இதுவே: தேர்வுக்குழு இல்லை, கட்டணம் இல்லை, வந்ததெல்லாம் சுவருக்குப் போகும், பங்கெடுத்தவர்களின் பட்டியல் அத்தனை பேருக்கும் போகும். 1973இல் தன்னுடைய கடிதப் பள்ளி செத்துவிட்டது என்று நியூயார்க் டைம்ஸின் மரண அறிவித்தல் பகுதிக்கு அவரே எழுதினார். எழுதிவிட்டு, தொடர்ந்து அனுப்பிக்கொண்டேயிருந்தார். நண்பரிடம் இப்படி ஏதும் திட்டமிருந்தால், என் சிப்பி அட்டைகள் பதினேழும் உட்பட எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி அனுப்பத் தயார். முப்பது கிடையாது.

இந்த ஊரில் காகிதம் நிற்காது என்பதையும் சொல்லவேண்டும். கடலுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருந்த மணலில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. தூண்டில் வளைவு கட்டிய பிறகும் உப்புக் காற்று சுவரைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. மை ஊறுகிறது, பசை விடுகிறது, டிக்கெட் மீன் செதில் உதிர்க்கிறது. சென்னை வீடுகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை போலும், அதனால்தான் சேமிக்கத் தோன்றுகிறது என்று கேலியாக எழுத உட்கார்ந்தேன். எழுதமுடியவில்லை.

ஏனென்றால் பெட்டியில் ஒரு அட்டை இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் தொடங்கியது. பின்புறம் ஆறு முகவரிகள். ஒவ்வொருவரும் ஒரு கோடு சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். நான் நான்காவது. மூன்று பேரின் கோடுகள் சேர்ந்து ஏதோ ஒரு வாசல் மாதிரியும் ஒரு விலா எலும்பு மாதிரியும் ஆகியிருந்தன. அவ்வளவு நன்றாக இருந்தது. என் கோடு கெடுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். இரண்டு வருஷம். ஐந்தாவது முகவரிக்காரர் சென்ற மழைக்காலத்தில் இறந்துபோனார். அவருக்கு அட்டை ஒன்று வந்துகொண்டிருந்தது என்பதே தெரியாது.

சட்டமிட்டவன் நான்தான். நண்பரிடம் கண்ணாடி இருக்கிறது, என்னிடம் பிளாஸ்டிக்.

நம் கூட்டத்தில் இந்த வியாதி அட்டைகளோடு நிற்கவில்லை. பிரதி வருகிறது, படிக்கிறோம், ஆச்சரியப்படுகிறோம், அடுக்குகிறோம். முழுத் தொகுப்பு வைத்திருப்பது பெருமை. எழுதியவனுக்கு இரண்டு வரி போடுவது குறைச்சல். புத்தகங்களுக்கான பதிவுத் தபால் சலுகை 2024 டிசம்பரில் போய்விட்டது, பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு கலந்துவிட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைத்தோம். நானும்தான். ஐம்பது பைசா அட்டையை யாரும் நம்மிடமிருந்து பிடுங்கவில்லை. நம்மில் யார் கடைசியாக எப்போது ஒன்று வாங்கினோம்?

நேற்று உறையைக் கிழித்தேன். என் கோட்டைப் போட்டேன். சரியாக வரவில்லை, வாசல் கோணிக்கொண்டது. ஐந்தாவது முகவரியை அடிக்காமல் விட்டு, ஆறாவது ஆளுக்கு அனுப்பியிருக்கிறேன். இம்முறை ஸ்டாம்பு நிஜமானது. அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர். அட்டை வந்து சேர்ந்தால் தொடங்கியவருக்குத் திருப்பி அனுப்பவேண்டும், எனக்கல்ல.