மலைக்குள் அரை நாள்



ஈப்போவுக்குப் பஸ்ஸில் போகாதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு, அடையாளக் கார்டு எடுக்க, தீபாவளிக்குத் துணி வாங்க என்று எத்தனையோ முறை போய் வந்திருப்பீர்கள். ஊரை நெருங்கும்போதே சுண்ணாம்பு மலைகள் மதில் சுவர்போல எழுந்து நிற்கும். அவற்றின் அடிவாரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகச் சீனக் கோயில்கள் தெரியும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சீனங்க கோயில்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொள்வோம். நானும் அப்படித்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோயில்களில் ஒரு நாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில்தான் அதற்கு வேளை வந்தது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார்கள், எல்லாருமாகப் பள்ளி பஸ் ஒன்றை அரை நாளுக்குப் பேசி, ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுக் கிளம்பினோம். ஒரே ஒரு பாட்டியும் எங்களோடு வந்தார். எழுபது வயதிருக்கும். பேரனைத் தனியே அனுப்ப மனமில்லை என்று வெற்றிலைப் பையோடு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு சிக்கல். "டீச்சர், வேற சாமி கோயிலுக்குள்ள போனா நம்ம சாமி கோவிச்சுக்காதா?" என்று ஒரு தாயார் கேட்டார். இன்னொருவர், "கும்பிடலாமா, சும்மா பார்த்துட்டு வரணுமா?" என்றார். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள், இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. நல்ல வேளையாக எங்களுக்கு வழிகாட்ட வந்த பெரியவர் கைகொடுத்தார்.

அவர் சீனர், ஆனால் பேசியது தமிழ்! "எங்கப்பா தோட்டத்துல கடை வச்சிருந்தாரு. கடன் கணக்கு எழுதுனது நான்தான். உங்க தாத்தா பேரெல்லாம் எனக்குத் தெரியும், யார் யாரு பாக்கின்னும் தெரியும்" என்று அவர் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. பிறகு அந்தத் தாயாரைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, சீனங்க பௌத்தக் கோயில்ல வெய் துவோன்னு ஒரு காவல் சாமி இருக்கும். கவசம் போட்டு, ஆயுதம் வச்சிருக்கும். அது யாரு தெரியுமா? உங்க ஊரு ஸ்கந்தன்தான். புத்தரோட சேர்ந்து சீனாவுக்குப் போயிட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது கட்டுக்கதை இல்லை. பௌத்தம் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனபோது கூடவே பல தெய்வங்களும் போயிருக்கின்றன. வெய் துவோவின் மூலம் ஸ்கந்தன்தான். அதேபோல, வெள்ளை ஆடையில் கருணையே உருவாக நிற்கும் குவான் யின் தாயார், இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்ற ஆண் வடிவமாக இருந்தவர். சீன மக்கள் காலப்போக்கில் அவரைத் தாயாக்கிக் கொண்டார்கள். கேள்வி கேட்ட அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து விபூதி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு இறங்கத் தயாரானார்.

முதலில் பேராக் தோங். ஈப்போவின் வடக்கே, கோலாகங்சார் பாதையில், குனோங் தாசேக் மலைக்குள் இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த பௌத்தத் தம்பதியர் 1926-இல் தொடங்கிய கோயில் இது. வாசலைத் தாண்டி உள்ளே போனதும் சில்லென்று ஒரு காற்று. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். பழகியதும், எதிரே நாற்பது அடி உயரத்தில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். சுவரெங்கும் ஓவியங்கள், சீன எழுத்துகள். யாரோ காணிக்கை போட, பெரிய மணி ஒன்றை அடித்தார்கள். அந்த ஓசை குகைக்குள் சுற்றிச் சுற்றி வந்து நெஞ்சுக்குள் அடங்கியது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சீனக் கோயிலில் செருப்பைக் கழற்றுவது வழக்கமில்லை. நம் தாய்மார்களுக்கு மனம் கேட்குமா? வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, குளிர்ந்த தரையில் குதித்துக் குதித்து நடந்தார்கள். ஊதுபத்தி விற்றுக்கொண்டிருந்த சீன மூதாட்டி அதைப் பார்த்து ஆளுக்கு மூன்று பத்தி இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

பாட்டி மட்டும் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, பாறை தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். "முட்டி வலிக்குதா பாட்டி?" என்றேன். "இல்ல, நீங்க போயிட்டு வாங்க டீச்சரம்மா" என்றார், அவ்வளவுதான். பெரியவர் எதுவும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வெயில் படும் இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

குகையின் பின்புறமாக மலையுச்சிக்குப் படிகள் போகின்றன. பத்துமலைக்கு 272 படி ஏறியவர்கள்தானே என்று நினைத்து ஏறினோம். இங்கே முந்நூறுக்கும் மேல். குறுகலான படிகள் வேறு. பாதியில் உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர் (எழுதுகிறவளும் அதில் சேர்த்தி). ஆனால் மேலே போனவர்களுக்கு ஈப்போவே காலடியில் கிடந்தது. வீடுகள், சாலைகள், பச்சை மலைகள். நடுநடுவே, பாதி வெட்டிய கேக்போல, பச்சை உரிந்து வெள்ளை வெளேரென்று நிற்கும் மலைகளும் தெரிந்தன.

பெரியவர் அங்கேயே ஒரு பாடம் நடத்திவிட்டார். இந்த மலைகள் எல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தவை. சிப்பியும் பவளமும் படிந்து படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சுண்ணாம்புக் கல்லாக இறுகி, பிறகு மேலே எழும்பியவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்பேறி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அப்படி உண்டானவைதான் குகைகள். கரைந்த சுண்ணாம்பு கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது விழுதாகத் தொங்கத் தொடங்குகிறது. ஒரு விரல் நீளம் வளரப் பல நூறு ஆண்டுகள்! அதனால்தான் அவற்றைத் தொடக்கூடாது என்கிறார்கள். கை எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும். "உங்க பாட்டி வெத்தலையில தடவுற சுண்ணாம்பும் இந்தக் கல்லைச் சுட்டு எடுத்ததுதான்" என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அப்போதுதான் பாட்டியின் பேரன் கேட்டான்: "அங்கிள், எங்கப்பா கல்லுமலையில லோரி ஓட்டுறாரு. வெடி வச்சு உடைப்பாங்க, அப்பா ஏத்திக்கிட்டு வருவாரு. மலையில சாமி இருக்குன்னா, எங்கப்பா செய்யுறது பாவமா?"

எனக்குத் திக்கென்றது. தோட்டத்தில் வேலை குறைந்த பிறகு, கல்லுடைக்கும் இடங்களுக்குப் போன அப்பாக்கள் என் வகுப்பில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து, பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "உங்க பள்ளிக்கூடம் எதுல கட்டியிருக்கு? சிமெண்டுல. சிமெண்டு எதுல செய்யுறாங்க? இந்தக் கல்லுல. உங்கப்பா ஏத்துற கல்லு இல்லாம வீடு இல்ல, ரோடு இல்ல. ஆனா எந்த மலைய உடைக்கணும், எதை விட்டு வைக்கணும்னு உங்கப்பாவக் கேட்டா முடிவு பண்றாங்க?" என்றார்.

வாசகர்களே, அந்தப் பதிலில் எனக்குச் சம்மதம். பத்துமலையிலும் ஒரு காலத்தில் கல் உடைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அரசாங்கம்தான் அதை நிறுத்தியது. கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் மேலிடத்து முடிவுதான். வேண்டும் என்றால் நிறுத்த முடிகிறது. அது லோரி ஓட்டுகிறவர் தலையில் விடியவேண்டிய பாவம் இல்லை.

அங்கிருந்து ஊருக்குள் புகுந்து தெற்கே குனோங் ராப்பாட். சாம் போ தோங் கோயிலைச் சுருக்கமாகத்தான் பார்த்தோம். சீனாவிலிருந்து வந்த ஒரு துறவி 1890 வாக்கில் இந்தக் குகையைக் கண்டு இங்கேயே தங்கித் தவம் செய்தார் என்று சொல்கிறார்கள். ஆமைக் குளம் உண்டு. பிள்ளைகளை ஆமைகளிடமிருந்து பிரித்து பஸ்ஸில் ஏற்றியதே பெரும்பாடு.

அதே மலையின் மறுபக்கத்தில் கெக் லோக் தோங். என்னைக் கேட்டால், ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே போங்கள். கட்டணம் இல்லை. 1960-களில் இரும்புத் தாது எடுத்த குகை இது. தோண்டி முடித்த இடத்தில் பிறகு புத்தரை வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தைவிடப் பெரிய கூடம். ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளிச்சம், அங்கே குளமும் தோட்டமும் சுற்றிலும் மலைகளும். காற்று இந்த வாயிலில் புகுந்து அந்த வாயிலில் போகிறது.

இங்கே பாட்டி உள்ளே வந்தார்! பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, பாதித் தூரம். எந்தச் சிலையையும் அவர் பார்க்கவில்லை. கண் முழுதும் மேற்கூரையிலேயே இருந்தது. பிறகு தோட்டத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, கேட்காமலே சொன்னார்.

"எங்கக்கா குனோங் சிரோவுல இருந்துச்சு டீச்சரம்மா. மலையடியில நீளவீடு. ஒரு நாளு மலை பிளந்து விழுந்துச்சு. அக்கா, மாமா, ரெண்டு புள்ளைங்க. நான் அப்ப கொமரி."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. 1973 அக்டோபர் 18-ஆம் தேதி குனோங் சிரோ மலையிலிருந்து பெரும்பாறை சரிந்து, சுமார் நாற்பது பேர் மாண்டார்கள். மழை கல்லைத் தின்று குகை செய்கிறது என்று மேலே எழுதினேன் அல்லவா? அதே மழைதான் பாறையின் வெடிப்புக்குள் புகுந்து அதைப் பெயர்த்தும் விடுகிறது. மலையடியில் குடியிருக்கிறவர்களும், பார்க்கப் போகிறவர்களும் இதை மறக்கக்கூடாது. பெருமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். கயிறு கட்டி, பலகை வைத்திருக்கும் இடத்தைத் தாண்டாதீர்கள். பலகையில் மலாய் தெரியாவிட்டால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

பாட்டி இதைத் தன் மகனிடம்கூடச் சொன்னதில்லையாம். "அவன் தெனம் மலைகிட்ட வேல பாக்குறான். சொன்னா பயந்துக்குவான், இல்லன்னா என்னைச் சிரிப்பான்" என்றார்.

திரும்பும் வழியில் புந்தோங்கில் நிறுத்தி கச்சான் பூத்தே வாங்கினோம். நம்மவர்கள் வறுத்து விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாதா என்ன! மீண்டும் பஸ் ஏறியதும் பாட்டி டிரைவரிடம், "தம்பி, கல்லுமலைக் கோயில்ல ரெண்டு நிமிசம் நிறுத்துவியா?" என்று கேட்டார். பயணத் திட்டத்தில் இல்லாத இடம். தைப்பூசத்துக்குக் காவடிகள் வந்து சேரும் அதே முருகன் கோயில், அதே குனோங் சிரோ அடிவாரம். மணி ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பசி. யாரும் முணுமுணுக்கவில்லை.

பாட்டி தனியாகத்தான் போனார், பேரனைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். கற்பூரம் ஏற்றியதை பஸ்ஸிலிருந்தே பார்த்தோம். பிறகு மலைப்பக்கம் திரும்பி, தலையைத் தூக்கி, கொஞ்ச நேரம் நின்றார். சீனப் பெரியவர் பஸ்ஸை விட்டு இறங்கி, தூரத்திலேயே நின்று, இரண்டு கையையும் சேர்த்து மூன்று முறை குனிந்தார்.

பள்ளி திறந்ததும் 'நான் கண்ட குகைகள்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பேரன் முக்கால் பக்கம் ஆமையைப் பற்றியே எழுதியிருந்தான். கடைசியில் பெரிய பாட்டியின் பேரை எழுதி, அடியில் கோடு போட்டிருந்தான். மறுநாள் அவன் அப்பா, வேலை உடுப்போடு, சுண்ணாம்புத் தூசி அப்பிய காலணியோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஒன்பது வருடமாக அந்தப் பாதையில் லோரி ஓட்டுகிறாராம். பேராக் தோங் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, அம்மாவை அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டார்.