கரிமூட்டத்திலிருந்து மின்தேக்கி

மதுரையிலிருந்து தென்கிழக்கே ராமநாதபுரம் வரை, கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேலம். வெட்டி மூட்டம் போட்டால் கரி. அடுப்போடு அதன் கதை முடிந்துபோகிறது.

முடிய வேண்டியதில்லை. கரியை நீராவியிலோ காரத்திலோ பதப்படுத்தினால் நானோமீட்டர் அளவுத் துளைகள் திறக்கின்றன. ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு, அதாவது கால் ஏக்கர்! அந்தத் துளைச் சுவர்களில் அயனிகள் ஒட்டி நிற்பதால்தான், இத்தகைய கரியை மின்முனையாகக் கொண்ட மீமின்தேக்கி (supercapacitor) சில நொடிகளில் மின்னேற்றம் பெறுகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரி இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. மூட்டக்காரருக்கும் அந்த ஆய்வகத்துக்கும் நடுவே, மானாமதுரைப் பக்கம் ஒரு பதப்படுத்தும் ஆலையை அரசு அமைக்க வேண்டும். கரியில் தங்கிவிடும் சாம்பல் உப்புகளைக் கழுவி நீக்குவதிலிருந்து அங்கே வேலையைத் தொடங்கலாம்.