நம் தோட்டத்துத் திடல்



'விளையாட்டு' என்னும் சொல்லை நம்மவரிற் பலர் இலேசாகவே எண்ணுகின்றனர். 'உன் மகன் விளையாடித் திரிகிறான்' என்று ஒருவர் சொன்னால் அது வசைமொழியாகி விடுகிறது. விளையாடுவதே வீண் எனின், பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது அதனினும் வீண் அன்றோ என்று கேட்போரும் உளர். ஆனால் சொந்த ஊர்த் திடலின் ஓரத்தில் நின்று, நம்மவர் ஆடும் ஆட்டத்தைக் கண்டு மகிழ்வது வீண்பொழுது அன்று. அஃது ஒரு சமுதாயத்தை ஒன்றாகக் கட்டி வைக்கும் கயிறு என்பது என் கருத்து.

நான் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். 1970-ஆம் ஆண்டுகளில் எங்களுக்கு ஞாயிறு என்றாலே காற்பந்துதான். திடலின் ஒரு புறம் லயத்து வீடுகள். மறுபுறம் மாரியம்மன் கோயில். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் லோங்கான். மற்றதற்குப் பின்னால் கித்தா மரங்கள். வேகமாக உதைத்த பந்து மரங்களுக்குள் ஓடி மறைந்தால், அதை எடுத்துவரச் சிறுவர்களாகிய எங்களுக்குள் போட்டி நடக்கும். பந்தைத் தொட்டவன் அன்றைக்குப் பெரிய மனிதன்!

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். நான்கு மணிக்கே திடலின் ஓரத்தில் பாய் விரிந்துவிடும். பாட்டிமார் வெற்றிலைப் பையோடு அமர்வர். தாய்மார் இடுப்பில் குழந்தையோடு லயத்து வாசலிலேயே நின்று பார்ப்பர். கச்சாங் பூத்தே விற்பவர் மிதிவண்டியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, காகிதச் சுருளில் கடலையை அளந்து போடுவார். பத்துக் காசுக்குக் கிடைத்த அந்தச் சுருள் இடைவேளை வரைக்கும் வரவேண்டும் என்பது எங்கள் கணக்கு.

அங்கே ஆடியவர்கள் யாவர்? விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உளியோடு நிரைக்குள் போனவர்கள். நண்பகலில் பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்துவந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்கள். வார நாளெல்லாம் தலைகுனிந்து நடந்த என் சிற்றப்பா, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மான்போல் ஓடினார். அவர் கால் பந்தைத் தொட்டவுடன் ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. 'இவரா நம் சிற்றப்பா!' என்று நான் வியந்து நின்றேன். தன் வீட்டு மனிதரை ஊரார் போற்றக் காணும் பேறு ஒரு பிள்ளைக்கு எத்தகைய ஊக்கம் தரும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

திடலில் வேறொரு சிறப்பும் இருந்தது. கிராணியும் பால்மரம் வெட்டுபவரும் ஒரே அணியில் ஆடினர். அலுவலகத்தில் கைகட்டி நிற்க வேண்டியவர், அங்கே 'பந்தை இங்கே கொடுங்கள்!' என்று உரக்கக் கேட்கலாம். பக்கத்துத் தோட்டத்து அணி லாரியில் வந்து இறங்கும். தொண்ணூறு நிமிடம் கடும்பகை; ஆட்டம் முடிந்ததும் ஒரே பானையிலிருந்து தேநீர். இப்படி வந்து போனவர்களிடையே சம்பந்தம் பேசி முடித்த கதைகளும் உண்டு. மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைப் பேச்சுக்கு முன்னால் ஆட்டப் பேச்சே எழும்.

இத்தகைய சிறு திடல்களை எளிதென எண்ணாதீர்கள். 1972-இல் மலேசியக் காற்பந்துக் குழு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியபோது, அதன் தலைவராக விளங்கியவர் எம். சந்திரன். அங்கே அமெரிக்காவை மூன்றுக்குச் சுழியம் எனும் கணக்கில் நம் குழு வென்றது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில், கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். நாடு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததால் குழு செல்லவில்லை. எனினும் அந்த வெற்றி இன்றும் பேசப்படுகிறது. அவர்களோடு தோளோடு தோள் நின்று தற்காத்த சோ சின் ஆன், நம் மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவிற் பிறந்தவர். எத்துணைப் பெரிய ஆட்டக்காரரும் முதன்முதலில் ஏதோ ஒரு சிறு திடலில்தான் பந்தை உதைத்திருப்பார். அவரை முதலில் கைதட்டி ஊக்கியவர்களும் ஊராராகவே இருந்திருப்பர்.

இனி வருந்தத்தக்க செய்திக்கு வருகிறேன். 1896-இல் டான் சாய் யான் என்பவர் நம் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் கித்தாவை வாணிகப் பயிராக நட்டார். அந்தக் கித்தாவை நம்பியே நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். பின்னர்க் கித்தா வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் எழுந்தன. தோட்டம் கைமாறும்போது கோயிலைக் கேட்டோம், பள்ளியைக் கேட்டோம், வீட்டைக் கேட்டோம். அவை நியாயமான கோரிக்கைகளே. ஆனால் திடலை யார் கேட்டோம்? எங்கள் திடலும் அவ்வாறே போயிற்று. அண்மையில் அங்கே சென்றேன். கோல் கம்பம் நின்ற இடத்தில் ஒருவர் தம் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்மீது குறையில்லை; கேட்காமல் இருந்துவிட்டது எங்கள் குறை.

'தொலைக்காட்சியில் உலகக் கோப்பையே தெரிகிறதே, கைப்பேசியில் இங்கிலாந்து ஆட்டம் முழுவதும் வருகிறதே, திடல் எதற்கு?' என்று மாணவர் கேட்கலாம். உலக ஆட்டத்தைப் பாருங்கள். அதில் கற்க வேண்டியது மிகுதி. ஆனால் திரையில் ஓடுபவருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் கைதட்டினாலும் அவர் காதில் விழாது. ஊர்த் திடலில் ஆடுபவர், கோல் அடித்தவுடன் உங்கள் முகத்தைத் தேடுவார். நாளை அவர் இடத்தில் நீங்களே ஓடலாம்.

வளம் மிகுந்த நாட்டினரும் இதனை அறிந்துள்ளனர். அமெரிக்கர் பேஸ்பால் எனும் ஆட்டத்தில் பெருவிருப்பம் உடையவர். பாஸ்டன் நகரத்து பென்வே திடல் 1912-இலும், சிக்காகோ நகரத்து ரிக்லி திடல் 1914-இலும் திறக்கப்பட்டவை. நூறாண்டு கடந்தும் அவற்றை இடிக்காமல் பழுதுபார்த்து ஆடி வருகின்றனர். பாட்டன் அமர்ந்து பார்த்த திடலில் பேரனும் அமர்ந்து பார்க்கிறான். நம் நாட்டிலும், 1957-இல் விடுதலை முழக்கம் எழுந்த மெர்டேக்கா அரங்கைப் பழைய வடிவிலேயே புதுப்பித்துக் காத்துள்ளோம். பெருநகரத்துக்குப் பொருந்தும் நீதி நம் சிற்றூருக்கும் பொருந்தாதா?

ஆகவே மூன்று செயல்களை வேண்டுகிறேன். பெற்றோர்களே, மாதத்தில் ஒரு மாலையேனும் பிள்ளையின் கையைப் பிடித்துத் திடலுக்கு வாருங்கள். பரிசளிப்பு நாளில் மட்டுமன்றி, பயிற்சி நாளிலும் வந்து நில்லுங்கள். இன்னும் திடல் எஞ்சியுள்ள தோட்டத்தினரே, புல்லை வெட்டுங்கள். கோல் கம்பத்துக்குச் சாயம் பூசுங்கள். ஆள் நடமாட்டமில்லாத திடலைத்தான் வெற்று நிலம் என்று பிறர் கருதுவர். தாமான்களுக்குக் குடியேறியோரே, நகராண்மைக் கழகத்தாரிடம் திடலையும் மறவாது கேளுங்கள். தோட்ட நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிற்குச் சொந்தத் திடல் இல்லை; அவற்றின் பிள்ளைகள் ஓட வேறிடம் ஏது?

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஆடுங்கள், ஆடாத நாளில் ஓரத்தில் நின்று தோழனுக்குக் கைதட்டுங்கள். தோற்றவனுக்கும் தட்டுங்கள், அவன்தான் அடுத்த வாரம் மீண்டும் வரவேண்டியவன்.

திடல் வாழ்ந்தால் நம் ஒற்றுமையும் வாழும்!