ஒலிக்கலவைக் கருவியும் நம் தீவக இளைஞரும்

கல்லூரி அன்னைக்கு விழா எடுக்கும் இந்நாளில், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் எம்மிடம் ஒரு வினாவை விடுத்தனர். ஊரிலுள்ள இளைஞர் சிலர் திருமண வீடுகளிலும் ஒன்றுகூடல்களிலும் இசைத்தட்டாளராக, அதாவது யாவரும் டி.ஜே. என அழைக்கும் தொழிலினராக, விளங்குகின்றனர், அவர்களுக்கு உயர்தரமான ஒலிக்கலவைக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுக்க விரும்புகின்றோம், எதனைத் தெரிவது? இதுவே அவ்வினா. பழைய அனலொக் முறையிலமைந்த மிக்ஸரே சிறந்தது என்பார் ஒரு சாரார். இலக்கமுறைக் கருவி வந்த பின்னர் பழையதை நாடுவது பேதைமை என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கில் எமது கருத்தை ஈண்டு எடுத்துரைப்போம்.

விழா மலரில் இத்தகைய பொருளுக்கும் இடமுண்டோ எனச் சில பெரியோர் புருவம் நெரிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், இசைத்தட்டுக்கும் இசைத்தட்டுக்கும் இடையே தம் குரலாற் பாலம் அமைத்த எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா முதலியோரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லமோ நாம்? பாட்டைத் தெரிந்து, நேரமறிந்து, கேட்போர் மனமறிந்து கொடுப்பது ஒரு கலை என்பதை நமக்கு முதலிற் கற்பித்தவர்கள் அவர்களே. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் அற்றுப்போனபோது மிதிவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைச் சுற்றித் தைனமோவால் வானொலி கேட்ட சமூகம் நம்முடையது. இசையும் இயந்திரமும் நமக்குப் புதியன அல்ல. அத்தொழிலாற் சோறுண்ண முனையும் ஓர் இளைஞனை இகழ்வது கல்வியின் பயனாகாது.

இனி, இக்கருவி செய்யும் பணி யாதென நோக்குவோம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊற்றுக்களிலிருந்து வரும் ஒலிச் சைகைகளை ஏற்று, வேண்டிய அளவுக்கு உயர்த்தி, தாழ்சுருதியையும் உச்சசுருதியையும் சீர்செய்து, ஒன்றாக்கிப் பெருக்கிக்கு அனுப்புவதே அதன் கடமை. அவையோர் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, அடுத்த பாட்டைத் தான் மட்டும் ஹெட்போனிற் கேட்டு, தாளத்தை இணைத்து, காலமறிந்து உட்புகுத்துவதற்கு அது வழி செய்கின்றது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து எழும் சைகை சில மில்லிவோல்ற்று மாத்திரமே. அதனை ஏறத்தாழ நூறு மடங்கு உயர்த்த வேண்டும். அன்றியும், தட்டிலே பதியும்போது தாழ்சுருதியைக் குறைத்தும் உச்சசுருதியைக் கூட்டியும் பதிவர். அதனை நேர்செய்யும் வளைவு 1954இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கத்தால் வகுக்கப்பட்டது. நூறு மடங்கு உயர்த்தும்போது இரைச்சலும் உடனுயரும் ஆதலின், கருவியின் தரம் முதலில் வெளிப்படும் இடம் இதுவே என்க.

இக்கருவியின் வரலாறு சுவையானது. 1970களின் தொடக்கத்தில் நியூ யோர்க் நகரின் நடன அரங்குகளுக்காக ஒலிப்பொறியாளர் அலெக்ஸ் றோஸ்னர் கருவிகளை அமைத்தார். பின்னர் ருடி பொசாக் என்பாரின் நிறுவனம் குமிழ்களால் இயங்கும் மிக்ஸரை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனைத் தொடர்ந்து யூறெய் 1620 என்னும் கருவி 1980களிற் புகழ் பெற்றது. குமிழைத் திருகி ஒலியை மெல்ல ஏற்றியிறக்கும் அந்த மரபை இன்று பிரான்சின் ஈ அன்ட் எஸ், இங்கிலாந்தின் மாஸ்டர்சவுண்ட்ஸ், அவுஸ்திரேலியாவின் கொண்டெசா முதலிய சிறு நிறுவனங்கள் பேணி வருகின்றன. மற்றொரு மரபு, விரலால் மேலுங் கீழும் நகர்த்தும் நகர்த்திகளை உடையது. இதில் அனலொக் முறைக்குப் பெயர் பெற்றது, இங்கிலாந்தின் கொர்ன்வாலில் உள்ள அலன் அன்ட் ஹீத் நிறுவனத்தின் ஸோன் 92. நான்கு இணைத்தடங்களையும், தடத்துக்கு நான்கு சுருதிச் சீர்ப்படுத்திகளையும், இரண்டு வடிகட்டிகளையும் உடையது அது. அதன் வடிவமைப்பாளரான அன்டி றிக்பி ஜோன்ஸ் என்பாரே பின்னர் மாஸ்டர்சவுண்ட்ஸின் குமிழ்க் கருவிகளையும் வடிவமைத்தார் என்பது நோக்கத்தக்கது. இலக்கமுறைக் கருவிகளுள் 2016இல் வந்த பயோனியர் டி.ஜே.எம். 900 நெக்ஸஸ் 2 உலகெங்கும் அரங்குகளிற் குடிகொண்டது. அது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து, எண்ணாக்கிக் கலக்கின்றது.

நிற்க. நியூ யோர்க்கிலும் இலண்டனிலும் சிறந்தது ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் சிறந்ததாகுமோ? வினாவின் உயிர்நாடி இதுவே. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் வள்ளம் ஏறவேண்டும். கருவி கடற்காற்றை உண்டு, உப்புத்துளியிற் குளித்து, படகின் அடித்தட்டிற் குலுங்கி வரவேண்டியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024இலே தான் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. திருமணப் பந்தரிலோ வாடகை மின்பிறப்பாக்கியே பெரும்பாலும் துணை.

தீவொன்றில் நடந்த திருமணத்தில் நாம் கண்ட காட்சியைச் சொல்வோம். மணமக்கள் பந்தருள் நுழையும் வேளை மின்பிறப்பாக்கி ஒரு கணம் தடுமாறி மீண்டது. விளக்குக்கள் உடனே எரிந்தன. இலக்கமுறை மிக்ஸரோ தன் முகத்திரையில் நிறுவனத்தின் பெயரைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த அரை நிமிடம் அந்த இளைஞனுக்கு ஒரு யுகமாயிற்று. நெற்றி வியர்வை துடைக்கவும் மறந்து, குமிழ்களை வீணே திருகினான். அப்போது நாதசுர வித்துவான் ஒருவர் ஒன்றும் பேசாது எழுந்து, தவிற்காரரைக் கண்ணாற் பார்த்து, வாசிக்கத் தொடங்கினார். மணமக்கள் நடந்தனர், மானம் தப்பியது. இளைஞன் அன்று பெற்ற கூலியிற் பாதியை வித்துவான் முன் நீட்ட, அவர் வாங்க மறுத்து, "தம்பி, அடுத்த முறை பற்றறி ஒன்று வைத்திரும்" என்று மட்டும் சொன்னார்.

இதனை அனலொக் கருவிக்கான வாதமாகச் சிலர் எடுப்பர். மின்சாரம் மீண்டவுடன் அனலொக் கருவி ஓரிரு நொடியில் ஒலிக்கும் என்பது உண்மையே. ஆயினும் வித்துவானின் அறிவுரை அவ்வாதத்தை வென்றுவிடுகின்றது. சிறியதொரு தடையில்லா மின்வழங்கி இருப்பின் இலக்கமுறைக் கருவியும் தடுமாறாது. மேலும், பாட்டைக் கொடுக்கும் யூ.எஸ்.பி. இயக்கியும் மின்தடையின் பின் மீண்டெழ நேரம் கொள்ளும். மிக்ஸர் மட்டும் விழித்திருந்து பயன் என்ன? ஆகவே எந்தக் கருவியை வாங்கினும் மின்வழங்கி ஒன்று வேண்டும். மின்தடையைக் காரணங் காட்டி அனலொக்கைத் தெரிதல் போதிய நியாயமன்று.

ஒலியினிமை பற்றிய வாதமும் அவ்வாறே ஆராயற்பாலது. அனலொக் ஒலி வெதுவெதுப்பானது, உயிருள்ளது என்பர். நல்ல கருவியை நாமும் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். ஆயினும், சுருக்கிய கோப்பிலிருந்து வரும் பாட்டு முன்னரே எண்ணாக மாறி, நுண்மையிற் சிலவற்றை இழந்து வந்தது. இழந்ததை எந்த மிக்ஸரும் மீட்டுத் தராது. பழுதடைந்த ஒலிபெருக்கியின் முன் பல இலட்சம் ரூபாய்க் கருவியை வைப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பொற்பூண் இடுவதை ஒக்கும். முதலில் ஒலிபெருக்கி, பின்னர் நல்ல பதிவுகள், அதன் பின்னரே மிக்ஸர் என்பதே எமது வரிசை.

பின் யாம் எக்கட்சி? அனலொக் கட்சியே. காரணம், பழுதுபார்த்தல் என்னும் ஒன்றாம். இலக்கமுறைக் கருவியின் தலைமைச் சில்லு பழுதுற்றால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். அதற்குக் கொழும்புக்கும், ஒருவேளை அதற்கு அப்பாலும் அனுப்ப வேண்டும். அக்காலமெல்லாம் இளைஞனின் வருவாய் நின்றுவிடும். அனலொக் கருவியில் ஒரு தடத்தின் நகர்த்தி கரகரத்தால், மற்றைத் தடங்களைக் கொண்டு அன்றைய நிகழ்ச்சியை முடித்து, மறுநாள் பற்றாசுக் கோலும் சோதனைமானியும் கொண்டு யாழ்ப்பாணத்திலேயே சீர்செய்யலாம். சைகை செல்லும் வழியைக் கண்ணாற் பின்தொடரலாம். ஆயினும் இன்று வரும் அனலொக் கருவிகளிலும் அரிசிக் குறுணி போன்ற சிறு உறுப்புக்கள் மலிந்துள்ளன. ஆதலால் வாங்குமுன் சுற்று வரைபடம் கிடைக்குமோ, நகர்த்தியும் குமிழும் தனியே விலைக்குக் கிடைக்குமோ என வினவித் தெளிதல் வேண்டும். கிடையாதெனின், அக்கருவி எத்துணைப் புகழுடையதாயினும் நமக்கு ஆகாது.

குமிழோ நகர்த்தியோ என்பது அடுத்த வினா. நகர்த்தியின் நீண்ட பிளவு வழியே தூசியும் உப்பும் உட்புகும். மூடிய குமிழுறுப்பு அவற்றைப் பெரிதும் தடுக்கும். இவ்வகையிற் குமிழே கடற்கரைக்கு ஏற்றது. ஆனால், உயர்விலைக் குமிழ்க் கருவிகளுட் பல இசைத்தட்டுப் பிரியர்க்கென்றே அமைந்தவை. நம் இளைஞன் செய்வதோ வேறு: மணமக்களை வாழ்த்தும் பெரியவரின் பேச்சு, அறிவிப்பு, பாட்டு, மீண்டும் பேச்சு. அவனுக்கு நல்ல ஒலிவாங்கி வாயில் இன்றியமையாதது. விரைந்து இறக்கி ஏற்ற நகர்த்தியே கைக்கு எளிது. எனவே நான்கு தட நகர்த்திக் கருவியும், அதற்குத் தக்க மூடியும், ஈரம் உறிஞ்சும் பொதிகளும், நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியாற் துடைக்கும் வழக்கமுமே அவனுக்கு ஏற்ற விடை. குமிழ்க் கருவியை, இசைத்தட்டுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர் தம் வீட்டுக்கு வாங்கி மகிழ்வாராக.

இரைச்சலைப் பற்றியும் ஒரு சொல். மின்பிறப்பாக்கியோடு இணைத்தவுடன் எழும் 50 ஹேட்ஸ் மீடிறன் முனகலைக் கருவியின் குற்றம் எனப் பலர் கருதுவர். பெரும்பாலும் அது கணினியும் பெருக்கியும் வெவ்வேறு வழியாற் புவித்தொடுப்புப் பெறுவதால் எழுவது. எல்லாவற்றையும் ஒரே மூலத்திலிருந்து இணைத்தலும், சமநிலை வடங்களைப் பயன்படுத்தலும், வேண்டின் தனிமைப்படுத்தும் மாற்றியை இடையில் வைத்தலும் பரிகாரம். முனகல் நிற்கப் புவித்தொடுப்புக் கம்பியை வெட்டிவிடும் கொடிய வழக்கத்தை எவரும் கைக்கொள்ளற்க. ஒலி நிற்கலாம், உயிரும் நிற்கலாம்.

சிவப்பு விளக்கு எரியும்வரை ஒலியை ஏற்றுவது வீரமன்று. சைகை தலைவெட்டுண்டு ஒலிபெருக்கியின் உச்சசுருதி உறுப்பைச் சுட்டுவிடும், செவியையும் கெடுக்கும். நிகழ்விடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு வழமையான அனுமதி வழங்கலாகாது என இலங்கை உயர் நீதிமன்றம் 2007இற் பணித்தது. நாகபூஷணி அம்பாளின் ஆனித் திருவிழாக் காலத்தில் நயினாதீவு நோக்கிப் படகேறும் அடியாரின் செவிக்கு வேண்டுவது மணியோசையும் நாதசுரமும். அவற்றோடு போட்டியிடாது அடங்கி நிற்கத் தெரிந்த இசைத்தட்டாளனே கருவியை ஆளத் தெரிந்தவன்.

இதுகாறும் கூறியவற்றால், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம் அன்பர்க்கு எமது விண்ணப்பம் யாதெனில்: ஒருவனுக்கு உலகின் மிகவுயர்ந்த மிக்ஸரைப் பரிசளித்துப் படமெடுத்துச் செல்லாதீர்கள். பழுதுபார்க்கத்தக்க நான்கு தட அனலொக் கருவி ஒன்று, அதற்குரிய உதிரி நகர்த்திகள், ஒரு மின்வழங்கி ஆகியவற்றை வாங்குங்கள். மிகுந்த பணத்தில் கல்லூரியில் ஒரு சிறு வேலை மேசை அமையுங்கள். அதில் சோதனைமானியும் பற்றாசுக் கோலும் இருக்கட்டும். பெளதிகம் கற்கும் மாணவனும் ஒலித்தொழில் செய்யும் இளைஞனும் ஒருங்கிருந்து, தடையியையும் கொள்ளளவியையும் கையாற் தொட்டறியட்டும். கருவி ஒருநாட் பழுதுறும். அதனைத் திருத்தும் கை ஊரிலே தங்கும்.

1990களில் தீவகத்து மக்களுட் பெரும்பாலோர் ஊரை விட்டகன்றனர். மீண்டோர் சிலர், மீளாதோர் பலர். இன்று அங்கே ஓர் இளைஞன் நிலைத்திருந்து தொழில் செய்ய விழைகின்றான் எனின், அவன் தொழில் யாதாயினும் அது நமக்குப் பெருஞ் செய்தி. அவனுக்கு நாம் தரும் கருவி, கடைசிப் படகு போன பின்னரும் அவன் தன் கையாலேயே திருத்தி இயக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.

கல்லூரி அன்னை வாழ்க! தீவகம் செழிக்க!