எஸ்.எல்.ஐ. போனால் ரெண்டரிங்குக்கு என்ன?

"எஸ்.எல்.ஐ. ஒழிந்தது, இனி ஒரே கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போடுவது வெட்டிச் செலவு" என்று அடித்துச் சொல்கிறவர்கள், வீடியோ கேம் கணக்கை ரெண்டரிங் தலையில் கட்டுகிறார்கள். 2021 தொடக்கத்தோடு எஸ்.எல்.ஐ.க்கான புதிய டிரைவர் புரொஃபைல்களை என்விடியா நிறுத்தியது உண்மைதான். ஆனால் எஸ்.எல்.ஐ. என்பது கேமின் ஃபிரேம்களைக் கார்டுகள் பங்குபோட்டுக்கொள்வதற்கான ஏற்பாடு.

3டி மென்பொருளான பிளெண்டரின் சைக்கிள்ஸோ, ஆக்டேனோ, இந்த ரெண்டர் எஞ்சின்கள் எஸ்.எல்.ஐ.யை நம்பி இருந்ததே இல்லை. பிளெண்டரின் சிஸ்டம் அமைப்புகளைத் திறந்தால் ஒவ்வொரு கார்டின் பெயருக்கும் எதிரே ஒரு டிக் பெட்டி. எல்லாவற்றையும் டிக் செய்தால் வேலை பங்காகிவிடும். என்விடியாவின் பழைய 3060 கார்டும் அதைவிடப் புதிய 4070-ம்கூடச் சேர்ந்து உழைக்கும்.

இரண்டு கார்டு வெட்டிச் செலவு என்பவர்கள் பிடித்திருக்க வேண்டிய இடம் மெமரி. காட்சி பொதுவாக ஒவ்வொரு கார்டின் மெமரியிலும் தனித்தனியே ஏறுவதால், 12 ஜிபியும் 12 ஜிபியும் 24 ஆகாது. 18 ஜிபி கேட்கும் காட்சிக்கு 24 ஜிபி கார்டு ஒன்றே மேல். இதைச் சொல்லியிருந்தால் வாதத்துக்கு வலு இருந்திருக்கும்!

சூடும் லேசுப்பட்டதல்ல. இரண்டு 3090 போட்டால் கார்டுகளுக்கு மட்டுமே 700 வாட். நெருக்கிச் செருகினால், கீழ்க் கார்டு கக்கும் அனலைத்தான் மேல் கார்டின் விசிறி இழுக்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு: ஃபிரேமை ரெண்டருக்குத் தயார் செய்யும் வேலையில் பெரும்பங்கு சிபியுவுடையது. எத்தனை கார்டு போட்டாலும் அது குறையாது. அதனால்தான் அனிமேஷன்காரர்கள் சிலர் பிளெண்டரை இரண்டு தடவை திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு கொடுத்து, ஃபிரேம்களைப் பிரித்து ஓட்டுகிறார்கள்.